நகலைத்தான் பார்த்தேன்

வசுமதி அந்த எண்ணைப் பார்த்தது மொத்தம் நான்கு நிமிடம். காணும் பொங்கலன்று நடுப்பகல். திருமயத்துக்குத் தெற்கே பாறைக்கு அடியில் அறுபது கிலோமீட்டர் சுற்றளவுக்குக் குடைந்திருந்த துகள் மோதல் ஆய்வகத்தில் அன்று காவலர்களும், குளிரூட்டும் பிரிவில் இரண்டு பேரும்தான் இருந்தார்கள். ஆய்வகத்துக்கு நீளமான அரசாங்கப் பெயர் ஒன்று உண்டு. சுற்றுவட்டாரத்தில் எல்லோருக்கும் அது வளையம்.

வளையத்துக்குள் புரோட்டான்கள் எதிரெதிராக ஓடி மோதிக்கொள்ளும். அந்த மோதலில் சில சமயம் டாப் குவார்க் என்ற கனமான துகள் ஜோடியாகப் பிறக்கும். பிறந்த வேகத்திலேயே சிதைந்தும் போகும். அந்த ஜோடிக்கு நடுவே இருக்கும் குவாண்டம் பின்னலை அளப்பது வசுமதியின் குழுவுக்கு வேலை. அவளுக்கு அப்போது வயது நாற்பத்தொன்று. அவளுக்குக் கீழே பதினெட்டுப் பேர்.

ஒவ்வொரு வாரமும் சேரும் தரவுகள் ஒரு தொகுதி. அதற்கு முத்திரை வைத்துவிடுவார்கள். கணினிகள் தங்கள் பாட்டுக்கு அதைப் படிக்கும், சரிபார்க்கும். ஆனால் பின்னல் எண் எவ்வளவு என்பதை நாற்பது தொகுதிகளும் சேரும்வரை மனிதர் யாரும் பார்க்கக் கூடாது. பார்த்துவிட்டால் மனது தனக்கே தெரியாமல் கணக்கை அந்த எண்ணுக்குத் தோதாக வளைத்துவிடும். இந்த விதியை எழுதிய மூன்று பேரில் வசுமதியும் ஒருத்தி.

மறுநாள் டெல்லியிலிருந்து மதிப்பாய்வுக் குழு வர இருந்தது. இதே அளவீட்டைச் செய்துகொண்டிருந்த வேறொரு நாட்டு ஆய்வகம், ஒன்றும் தேறவில்லை என்று பாதியில் கைவிட்டதாகப் போன வாரம் செய்தி வந்திருந்தது. நம்முடையதும் அப்படித்தானோ என்ற பயம் வசுமதியை மூன்று நாளாகச் சாப்பிட விடவில்லை. எல்லோருக்கும் முன்னால் அசடாக நிற்கப் போகிறோம் என்று தோன்றிக்கொண்டே இருந்தது.

குழுத் தலைவர் என்ற முறையில் காப்பு நகல்களின் சாவி அவளிடம் இருந்தது. பதினேழாம் தொகுதியின் நகலைத் திறந்தாள். மூன்றில் ஒன்றுக்கு மேல் வந்தால் பின்னல் உண்டு. திரையில் வந்தது புள்ளி ஐந்து இரண்டு.

நான்கு நிமிடம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு நகலை அழித்தாள். மூலத்தைத் தொடவில்லை, நகலைத்தான் பார்த்தேன், இதனால் யாருக்கும் எந்த நஷ்டமும் இல்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். எழுந்து போய்க் கையைக் கழுவினாள். கையில் அழுக்கு எதுவும் இல்லை.

மறுநாள் குழுவின் முன்னால் அவள் பேசியதைக் கேட்டவர்கள் வெகுகாலம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். குழுவில் ஓய்வுபெற்ற கலெக்டர் ஒருவர் இருந்தார். அறிவியல் படிக்காதவர்.

"எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்கம்மா. பின்னல்னா என்ன?" என்றார்.

"ரெண்டு துகள் சார். ஒவ்வொண்ணும் ஒரு பக்கமாச் சுழலும். நீ எந்தப் பக்கம் சுத்தறேன்னு தனித்தனியாக் கேட்டா, ரெண்டுகிட்டயுமே பதில் கிடையாது. மறைச்சு வெக்கலை, நிஜமாவே கிடையாது. ஆனா ரெண்டையும் சேர்த்து வெச்சுக் கேட்டா ஒரே பதில்தான் வரும். எவ்வளவு தூரம் விலகிப் போனாலும் அந்தப் பதில் மாறாது."

"அது இங்க கிடைக்குமா?"

"கிடைக்கும் சார்."

அந்த ஒரு சொல்லில் இருந்த உறுதி எங்கிருந்து வந்தது என்பது அவளுக்கு மட்டும் தெரியும். குழு நாற்பது தொகுதிகளுக்கும் அனுமதி கொடுத்துவிட்டுப் போனது.

செப்டம்பரில் முத்திரைகளை உடைத்தார்கள். வசுமதியின் குழு முழுவதும் பெரிய அறையில் கூடியிருந்தது. வளையத்தின் இயக்குநர் கோவர்த்தனன் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். தொகுதி ஒவ்வொன்றாகத் திரையில் எண் வந்தது. புள்ளி ஐந்து ஒன்று, புள்ளி ஐந்து மூன்று, மறுபடி ஐந்து ஒன்று. பத்துத் தொகுதி தாண்டியதும் சிலர் எழுந்து நின்றுவிட்டார்கள். பதினேழு வந்தது. புள்ளி பூஜ்யம் எட்டு.

பதினெட்டு பழையபடி புள்ளி ஐந்து இரண்டு. கடைசிவரை அப்படியே போனது. நாற்பதில் முப்பத்தொன்பது பொருந்திவிட்டன. பதினேழில் மட்டும் பின்னல் இல்லை.

அறையில் எல்லோரும் கைதட்டிக்கொண்டிருந்தபோது வசுமதி பதினேழாம் தொகுதியின் எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதே தொகுதியில் புள்ளி ஐந்து இரண்டைத் தன் கண்ணால் பார்த்திருக்கிறாள். நகல் என்றாலும் எழுத்துக்கு எழுத்து அதே தரவு. இடையில் யாரும் மூலத்தைத் தொடவில்லை. அப்படியென்றால் இந்த எட்டு மாதத்தில் அந்தத் தொகுதிக்கு ஏதோ நேர்ந்திருக்கிறது. நடக்கவே முடியாத ஒன்று. உலகத்தில் அது தெரிந்த ஒரே ஆள் அவள். சொல்ல வேண்டுமென்றால், பார்த்தேன் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

கைதட்டல் அடங்கியதும் கோவர்த்தனன் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"வசுமதி, முப்பத்தொன்பது போதும். தாராளம். பதினேழை எடுத்துடுவோம். ஆனா ஏன் எடுத்தோம்னு நம்ம வெளியீட்டுக் கமிட்டிக்கு ஒரு வரி எழுதணுமே. அந்த வாரம் காலிபரேஷன் பண்ணது யாரு?"

"செல்வின்."

"அப்ப அதுதான்."

அவள் ஒன்றும் சொல்லவில்லை. அங்கே வாய் திறந்திருந்தால் போதும். அந்த மௌனம் அரை நிமிடம்கூட இருக்காது. கோவர்த்தனன் அதற்குள் வேறு பேச்சுக்குப் போய்விட்டார்.

செல்வினுக்கு இருபத்தொன்பது வயது. தூத்துக்குடிக்குப் பக்கத்தில் முள்ளக்காடு. துகள்களின் தடத்தைப் பிடிக்கும் கருவி தலைமுடியின் பருமனில் நூறில் ஒரு பங்குகூட விலகாமல் நிற்கிறதா என்று பார்த்துச் சரிசெய்யும் காலிபரேஷன் அவன் பொறுப்பு. அந்த வேலையில் அவனைப் போல இன்னொருவர் வளையத்தில் இல்லை என்று வசுமதியே பலமுறை சொல்லியிருக்கிறாள்.

அவன் பத்து நாள் கழித்து அவள் அறைக்கு வந்தான். கையில் பதினோரு பக்கக் குறிப்பு.

"மேடம், முதல்ல இருந்து பாத்துட்டேன். நாலு தடவை பாத்துட்டேன். எங்க தப்புன்னே தெரியல. அதே தொகுதில, ஏற்கனவே எடை தெரிஞ்ச இசட் துகளை எடுத்துப் பாத்தேன், கரெக்டா வருது. காலிபரேஷன் தப்பா இருந்தா அதுவும் தப்பா வரணும்லா?"

அவள் அந்தக் குறிப்பை ஏற்கனவே படித்துவிட்டாள். காலையிலேயே மின்னஞ்சலில் வந்திருந்தது. அதில் ஒரு வரிகூடப் பிசகில்லை.

"செல்வின், சில தப்பு நம்ம கண்ணுக்குத் தெரியாது. கமிட்டி முடிவு பண்ணிட்டாங்க. இந்தக் கடிதத்துல ஒரு கையெழுத்துப் போட்டுடு. கவனக்குறைவுன்னுதான் எழுதியிருக்கு, வேற ஒண்ணும் இல்லை. நான் பார்த்துக்கறேன்."

அவன் கடிதத்தை வாங்கி இரண்டு முறை படித்தான்.

"நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும் மேடம்" என்றான். கையெழுத்துப் போட்டான். பேனாவை மூடி அவள் பக்கமாக நகர்த்தி வைத்துவிட்டுப் போனான்.

அவளால் எதையும் பார்த்துக்கொள்ள முடியவில்லை. பார்த்துக்கொள்ள முயலவும் இல்லை. கட்டுரை வந்தது. அடிக்குறிப்பில் பதினேழாம் தொகுதி அளவுத்திருத்தக் கவனக்குறைவால் நீக்கப்பட்டது என்று ஒரு வரி இருந்தது. மார்ச்சில் செல்வினின் ஒப்பந்தம் முடிந்தது, புதுப்பிக்கவில்லை. வேறு ஆய்வகங்களுக்கு விண்ணப்பித்தான். ஒவ்வொரு இடத்திலும் அந்தக் கடிதம் அவனுக்கு முன்னால் போய் உட்கார்ந்திருந்தது. ஒரு வருடம் கழித்து அவன் அனுப்பிய புத்தாண்டு வாழ்த்துக்கு வசுமதி பதில் போடவில்லை. அதற்கப்புறம் வாழ்த்தும் வரவில்லை.

ஆறு ஆண்டுகள் போயின. வசுமதிக்கு விருதுகள் வந்தன. மேடையில் யாராவது முப்பத்தொன்பது தொகுதி என்று சொல்லும்போதெல்லாம் கையிலிருக்கும் நிகழ்ச்சி நிரலை மடிக்க ஆரம்பிப்பாள். நாளாக ஆக, அன்று தான் பார்த்த எண்ணைத் தப்பாக ஞாபகம் வைத்திருக்கிறோமோ என்று நினைக்கப் பழகிக்கொண்டாள். பாதி நம்பவும் செய்தாள்.

ஏழாம் ஆண்டு நஸ்ரீன் வந்து சேர்ந்தாள். கீழக்கரைப் பெண், முனைவர் பட்டம் முடித்த கையோடு வந்தவள். பழைய தரவுகளைப் புதிய நிரலில் ஓட்டிப் பார்க்கும் வேலையை அவளுக்குக் கொடுத்திருந்தார்கள். ஒரு செவ்வாய்க்கிழமை காலை மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வசுமதியின் அறைக்கு வந்தாள்.

"மேடம், பதினேழாம் தொகுதில காலிபரேஷன் தப்பே இல்லை."

வசுமதி நிமிரவில்லை. "கமிட்டி பார்த்தாங்களே."

"பார்த்தாங்களான்னே தெரியலை மேடம். எல்லாத் துகளோட எடையும் சரியா வருது. நாப்பதுலயும் ரொம்ப சுத்தமான காலிபரேஷன் இதுதான். பின்னல் மட்டும்தான் இல்லை. அதுவும் கொஞ்சம் கொஞ்சமாக் குறையலை, யாரோ துடைச்சு எடுத்த மாதிரி இருக்கு. அந்த செல்வின் சார் அப்பவே பதினோரு பக்கம் எழுதியிருக்காரு. காப்பகத்துல இருக்கு. நான் இப்ப கண்டுபிடிச்சதெல்லாம் அதுல அப்படியே இருக்கு. அதை யாருமே படிக்கலையா?"

"நான் படிச்சேன்" என்றாள் வசுமதி.

வெளியே யாரோ தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு போனார்கள். வசுமதி எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"அந்தத் தொகுதியை நான் பார்த்தேன் நஸ்ரீன். முத்திரை உடைக்கறதுக்கு எட்டு மாசம் முன்னாடி. நகலைத்தான் பார்த்தேன். அப்ப பின்னல் இருந்தது. புள்ளி ஐந்து இரண்டு."

எதிரில் இருப்பவள் தன்னைவிட இருபது வயது சின்னவள், தன்னைப் பற்றிக் கல்லூரியில் கட்டுரை எழுதியவள். அவள் எழுந்து போய்விடுவாள் என்று வசுமதி எதிர்பார்த்தாள். போனால் நல்லது என்றும் நினைத்தாள்.

நஸ்ரீன் போகவில்லை. கண்ணை அகல விரித்துக்கொண்டு நாற்காலி நுனிக்கு வந்தாள்.

"நகல்தானே? மூலத்தைத் தொடலையே?"

"தொடலை."

"கம்ப்யூட்டர் தினமும் மூலத்தையே படிக்குது. அதுல ஒண்ணும் ஆகலை."

"ஆகலை."

"அப்ப படிக்கிறதுனால போகலை மேடம். ஒரு மனுஷருக்குத் தெரிஞ்சுபோனதுனால போயிருக்கு. மத்ததை மாதிரி மூலத்துலயே முதல்ல பார்த்தா பின்னல் நிலைச்சுடுது, அதுக்கு முன்னாடி எங்கயோ ஒரு நகலைப் பார்த்தாலும் மூலத்துல இருக்கிறது அவிழுது." தலையில் கைவைத்தாள். "மேடம், இது எவ்வளவு பெரிய விஷயம் தெரியுமா? பதிவாகி முடிஞ்சதுன்னு நாம நினைச்சது முடியவே இல்லை. யாராவது ஒருத்தர் தெரிஞ்சுக்கற வரைக்கும் அது திறந்தே கிடக்கு."

பிறகுதான் அவள் முகம் மாறியது. மடிக்கணினியை மெதுவாக மூடினாள்.

"இது உங்களுக்கு அன்னிக்கே தெரியுமா?"

"என்னவோ நடந்திருக்குன்னு தெரியும்."

"அப்ப செல்வின் சார்?"

நஸ்ரீன் பதிலுக்குக் காத்திராமல் எழுந்தாள்.

கோவர்த்தனனிடம் இருவரும் சேர்ந்தே போனார்கள். அவர் முதலில் நம்பவில்லை. பிறகு சோதனைக்கு ஒப்புக்கொண்டார். பன்னிரண்டு புதிய தொகுதிகள். சீட்டுக் குலுக்கி ஆறின் நகல்களை மட்டும் ஆறு பேர் தனித்தனியாகப் பார்த்தார்கள். எவை என்பது வேறு யாருக்கும் தெரியாது. முத்திரை உடைத்தபோது பார்க்காத ஆறிலும் பின்னல் இருந்தது. பார்த்த ஆறிலும் இல்லை.

கோவர்த்தனன் முடிவுத் தாளை மேஜைமேல் வைத்தார்.

"இது நாம ரெண்டு பேரும் உயிரோட இருக்கற வரைக்கும் பேசப்படும்" என்றார். "எழுதுங்க. ஆனா பதினேழைப் பத்தி எழுதறப்ப, தற்செயலான பார்வைன்னு எழுதுங்க. ஏதோ சோதனைக்காகத் திறந்தப்ப கண்ணுல பட்டுதுன்னு. பொய்யுன்னும் சொல்ல முடியாது. இவ்வளவு பெரிய கண்டுபிடிப்பு, அதுல முதல் வரியே விதிமீறல்னு எதுக்கு?"

வசுமதி அப்படியே எழுதினாள். அதுதான் பிற்பாடு அவளை அதிகம் அரித்தது. முதல் முறை பயத்தில் செய்தாள். இந்த முறை பயம்கூட இல்லை. தற்செயலான பார்வை என்ற சொல் மடிப்புக் கலையாத புதுத்துணி மாதிரி அவளுக்குப் பொருந்தியது.

கட்டுரையை அனுப்புவதற்கு முன் செல்வினைப் பார்த்துவிட வேண்டும் என்று நஸ்ரீன்தான் சொன்னாள். சொன்ன விதத்தில் வேண்டுகோள் எதுவும் இல்லை.

முள்ளக்காட்டைத் தாண்டி உப்பளச் சாலையில் ஓர் எடைமேடை. உப்பு லாரிகள் வரிசையாக நின்றன. பக்கத்தில் தகரக் கூரை போட்ட சின்ன அலுவலகம். செல்வின் வெளியே வந்தான். முன்நெற்றியில் முடி கொட்டியிருந்தது. வசுமதியைப் பார்த்ததும் சட்டைக் கையை இறக்கி விட்டுக்கொண்டான்.

"வாங்க மேடம். சொல்லிருந்தா வீட்டுக்கே வரச் சொல்லிருப்பேனே. கலர் குடிக்கிறீங்களா?"

வேண்டாம் என்றாள். கட்டுரையின் அச்சுப் பிரதியை நீட்டினாள். அவன் லாரி நிழலில் நின்றபடியே படித்தான். பழைய பழக்கம் போகவில்லை, அடிக்குறிப்பு உட்பட எல்லாவற்றையும் படித்தான். ஒரு லாரி ஹாரன் அடித்தது. கையைக் காட்டி நிறுத்தினான்.

"அப்ப என் காலிபரேஷன்?" என்றான்.

"சரியா இருந்தது."

"எவ்வளவு சரி?"

"நாற்பதுலயும் சுத்தமானது அதுதான்."

அவன் தலையை ஆட்டினான். மறுபடி ஆட்டினான். பிறகு தாளை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டான். படிக்கவில்லை என்பது தெரிந்தது.

"ஆறு வருஷம் மேடம்" என்றான் தாளுக்குப் பின்னாலிருந்து. "இந்த மேடையை வாரம் ஒரு தடவை சரிபார்த்தாப் போதும். நான் தினமும் பாக்குதேன். ரெண்டு தடவை பாக்குதேன். முதலாளி ஏசுவாரு. எனக்கு என் கையை நம்ப முடியல. சரியாத்தான் பண்ணுதோம்னு தோணும்போதுதான் ரொம்பப் பயமா இருக்கும். ஏன்னா அன்னைக்கும் அப்படித்தானே தோணுச்சு."

தாளை இறக்கினான். விரலால் ஓர் இடத்தைத் தொட்டான்.

"தற்செயலான பார்வைன்னு போட்டிருக்கு. தற்செயலாவா பாத்தீங்க?"

"இல்லை."

"பின்ன ஏன் இப்படி எழுதியிருக்கு?"

அவன் குரலில் கோபம் இல்லை. கணக்கில் ஒரு படி விட்டுப்போயிருப்பதைக் கேட்பது மாதிரி கேட்டான். அதுதான் தாங்க முடியவில்லை. அவன் கத்தியிருந்தால் தலை குனிந்து நின்றிருக்கலாம்.

"மன்னிச்சிடு செல்வின்" என்றாள்.

"அது இருக்கட்டும் மேடம். நீங்க வீட்டுக்கு வந்து ஜான்சிகிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க. கல்யாணமாகி நாலு மாசத்துல வேலை போச்சு. நான்தான் தப்புப் பண்ணிட்டேன்னு அவகிட்ட சொல்லி வெச்சிருக்கேன்."

வீடு இரண்டு தெரு தள்ளி. ஜான்சி பள்ளி ஆசிரியை, அன்று மதியம் விடுப்பில் இருந்தாள். உள்ளே ஒரு பெண் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. வசுமதி உட்காராமல் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். பண்டிகை நாளில் திறந்து பார்த்தது, கடிதம், கையெழுத்து எதையும் விடவில்லை. ஜான்சி தூங்கும் குழந்தையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தா இவுக தெர்மாமீட்டரை மூணு தடவை வெச்சுப் பாப்பாக" என்றாள் கடைசியில். "நாலாவது தடவை நான்தான் கையில இருந்து பிடுங்கணும். பிறவிலயே இப்படித்தான் போலன்னு நினைச்சிட்டேன். நீங்க ஆக்கி விட்டது இது." சேலைத் தலைப்பை இடுப்பில் செருகினாள். "உங்களை உக்காரச் சொல்ல எனக்கு மனசு வரல. போயிட்டு வாங்க."

செல்வின் வாசலில் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றான்.

திருமயத்துக்குத் திரும்பிய அன்றே வசுமதி கட்டுரையைத் திருத்தினாள். 'இக்கட்டுரையின் முதல் ஆசிரியர் விதியை அறிந்தே, வேண்டுமென்றே, பதினேழாம் தொகுதியின் நகலைப் பார்த்தார். அதை மறைத்தார். அளவுத்திருத்தத்தில் பிழை இல்லை என்று செல்வின் அப்போதே நிரூபித்திருந்தார்.' கோவர்த்தனன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு சத்தம் போட்டார். விசாரணை வந்தது. வசுமதியைத் தலைமைப் பொறுப்பிலிருந்து விலக்கினார்கள். இரண்டு விருதுகளைத் திருப்பிக் கேட்டார்கள், கொடுத்தாள். அதில் அவளுக்கு ஒரு நிம்மதிகூட இருந்தது.

வளையம் செல்வினைத் திரும்ப அழைத்தது. அவன் வேலைக்கு வரவில்லை. ஒருநாள் மட்டும் வந்தான். நஸ்ரீனோடு உட்கார்ந்து பதினேழாம் தொகுதியின் அளவுத்திருத்தத்தைத் தொடக்கத்திலிருந்து கடைசிவரை ஒரே ஒரு முறை பார்த்தான். மதியச் சாப்பாட்டுக்குக்கூட நிற்காமல் பஸ் ஏறிவிட்டான். வசுமதி அன்று தன் அறையிலேயே இருந்தாள். அவன் எட்டிப் பார்க்கவில்லை.

அதன் பிறகு நடந்தது யார் கையிலும் இல்லை. முத்திரை வைத்த ஒன்றை யாராவது திருட்டுத்தனமாகப் பார்த்தார்களா என்று தெரிந்துகொள்ள இதைவிட நல்ல வழி கிடையாது என்று உலகம் கண்டுகொண்டது. தேர்வு வினாத்தாள், ஒப்பந்தப்புள்ளி, உயில், மருந்துச் சோதனை என்று எல்லாவற்றிலும் ஒரு பின்னல் முத்திரை வந்து உட்கார்ந்தது. பார்த்தால் அவிழ்ந்துவிடும். நான்கைந்து நாடுகளில் பழைய ஆய்வகப் பதிவுகளைத் தோண்டினார்கள். பிழை என்று ஒதுக்கிய தொகுதிகள் அங்கேயும் இருந்தன. அவற்றுக்காக வேலை போனவர்களும் இருந்தார்கள். சிலர் இறந்தும் போயிருந்தார்கள். அவர்களுடைய பிள்ளைகளிடமிருந்து வசுமதிக்குக் கடிதங்கள் வந்தன. அவற்றில் நன்றி இருந்தது. ஒவ்வொன்றையும் படித்துவிட்டு என்ன எழுதுவதென்று தெரியாமல் மடித்து வைத்தாள்.

பெயர் யார் வைத்தார்கள் என்று தெரியவில்லை. முதலில் மாணவர்கள் சொன்னார்கள், பிறகு பாடப்புத்தகத்தில் வந்தது. வசுமதி விளைவு. வேண்டாம், மாற்றுங்கள் என்று அவள் எழுதாத இடமில்லை. வைத்தால் செல்வின் பெயரை வையுங்கள் என்று எழுதினாள். தன் பெயர் வர விருப்பமில்லை என்று அவன் நஸ்ரீன் மூலமாகச் சொல்லியனுப்பினான். கொஞ்ச நாளில் தாலுகா அலுவலகத்தில்கூட, "கவரை வசுமதி பண்ணியாச்சா?" என்று கேட்க ஆரம்பித்தார்கள்.

விருதுநகரில் ஒரு மகளிர் கல்லூரி ஆண்டு விழாவுக்கு அவளை அழைத்தது. நடந்ததை நடந்தபடி சொல்ல விடுவதாக இருந்தால் வருகிறேன் என்று எழுதினாள். தாராளமாக என்று பதில் வந்தது. காலை பத்தரை மணிக்கு அரங்கம் நிறைந்திருந்தது. ஒரு மாணவி அவளை அறிமுகப்படுத்தினாள். இயற்கையின் மாபெரும் ரகசியத்தைக் கண்டுபிடித்த தமிழ்ப்பெண் என்று மூச்சுவிடாமல் ஒப்பித்தாள்.

வசுமதி ஒலிவாங்கியைப் பிடித்தாள்.

"நான் அதைக் கண்டுபிடிக்கலைம்மா. அதுகிட்ட மாட்டிக்கிட்டேன்."

அரங்கம் சிரித்தது. என்ன ஒரு அடக்கம் என்று முன்வரிசையில் யாரோ சொன்னது மேடைக்குக் கேட்டது. அவள் விடாமல் முழுவதையும் சொன்னாள். செல்வினுடைய பதினோரு பக்கத்தைச் சொன்னாள். அவனிடம் கையெழுத்து வாங்கியதைச் சொன்னாள். கொஞ்சம் அமைதி வந்தது. அவளுக்கு அந்த அமைதி வேண்டியிருந்தது.

நடு வரிசையில் ஒரு பெண் எழுந்து நின்றாள்.

"மேடம், நீங்க அந்தத் தப்பைப் பண்ணலைன்னா இந்த உண்மை உலகத்துக்குத் தெரிஞ்சே இருக்காதே? அப்ப அது நல்ல தப்புதானே?"

நல்ல கேள்வி என்று அரங்கமே கைதட்டியது.

"பார்த்ததுனாலதான் தெரிஞ்சதுங்கறது சரிம்மா" என்றாள் வசுமதி. "ஆனா முத்திரை உடைச்ச அன்னிக்கே நான் எழுந்து நின்னு பார்த்தேன்னு சொல்லியிருந்தா, அன்னிக்கே தெரிஞ்சிருக்கும். ஒரு ஆளையும் பலி கொடுத்திருக்க வேண்டாம். நான் ஆறு வருஷம் மறைச்சது உண்மையைத்தான். அதுக்கு நீங்க என் பேரையே..."

கைதட்டல் இன்னும் ஓயவில்லை. அவள் பேசியது எத்தனை பேருக்குக் கேட்டதோ தெரியாது. கல்லூரி முதல்வர் அதற்குள் பொன்னாடையை விரித்துக்கொண்டு பக்கத்தில் வந்துவிட்டார். தோளில் போர்த்தினார். சரிகை கனமாக இருந்தது. வசுமதி அதை எடுக்கக் கையைத் தூக்கினாள், முதல்வர் அந்தக் கையைப் பிடித்துக் குலுக்கினார். மேடைக்குக் கீழே புகைப்படக்காரர் ஒரு காலை மடக்கி மண்டியிட்டு கேமராவைச் சரிபார்த்தார்.

"மேடம், இப்படிப் பாருங்க" என்றார். "கொஞ்சம் சிரிங்க."